செல்வியின் முப்பத்திரண்டு கிலோ

1. மூன்று பாஷையில் ஒரு நோட்டீஸ்

தினமும் பேர் கூப்பிடுகிற மஸ்டர் களத்துச் சுவரில் அந்த நோட்டீஸை ஒட்டிய காலையில் அதை முதலில் படித்தவள் நான்தான். மலையாளத்தில் ஒரு தாள், தமிழில் ஒரு தாள், இந்தியில் ஒரு தாள். மூன்று பாஷையில் ஒரே விஷயத்தை ஒட்டினால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று அர்த்தம். நல்ல சேதிக்காக எங்கள் எஸ்டேட்டில் யாரும் இதுவரை காகிதம் செலவழித்ததில்லை.

அடுத்த மாதம் முதல் மினிமம் முப்பத்திரண்டு கிலோ என்று எழுதியிருந்தது. கீழே ரப்பர் ஸ்டாம்ப்பும் கையெழுத்தும்.

தேயிலைக் காட்டில் வேலை பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நாள் முழுச்சம்பளம் வேண்டுமானால் இத்தனை கிலோ கொழுந்து எடுத்தாக வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதுதான் மினிமம். அதுவரை எங்களுக்கு இருபத்தைந்து. குறைந்தால் அன்றைக்குச் சம்பளம் குறையும். அடிக்கடி குறைந்தால் மெமோ வரும். மெமோ சேர்ந்தால் ஆபீசில் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, "எழுதிக் குடுத்துட்டுப் போயிடுங்களேன்" என்று தன்மையாகச் சொல்வார்கள். சட்டப்படி பேரை நேராக வெட்ட முடியாது. அதனால்தான் அந்த டீ.

எழுதிக் கொடுத்தால் வேலை மட்டும் போகாது. நாங்கள் குடியிருக்கிற லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கிறவரை வீடு. பேர் போனால் சட்டி பானையோடு தெருவில் நிற்க வேண்டும். எங்களுக்கு வேறு ஊர் கிடையாது. திருநெல்வேலிப் பக்கம் என்று சொல்லிக்கொள்வோம், அங்கே போனால் வழி கேட்டுத்தான் நடக்க வேண்டும்.

நான் மாரியம்மாள். மாட்டுப்பட்டி அணைக்கு மேலே உள்ள ஒரு டிவிஷனில் முப்பத்தாறு வருஷம் கொழுந்து எடுத்தேன். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது வரை படித்ததால் நோட்டீஸ் படிப்பது, மனு எழுதுவது எல்லாம் என் தலையில் விழும். கடைசிப் பன்னிரண்டு வருஷம் எங்கள் கேங்குக்கு யூனியன் பொறுப்பும் நான்தான். யாரையும் லேசில் நம்பமாட்டேன் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரை நான் பெருமையாகத்தான் சுமந்தேன். அது எவ்வளவு தூரம் என்னைக் கவிழ்த்தது என்பதை இப்போது மஸ்டரில் நிற்கிற பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நோட்டீஸைப் படித்துச் சொன்னேன். உடனே எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டோம். யார் முப்பத்திரண்டு எடுத்தது?

2. ஓர் அள்ளு

அந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. முந்தின வாரம் பதினேழாம் நம்பர் காட்டில் மூன்று நாள் டிரையல் நடந்தது. கொழுந்து நிறைந்து நிற்கிற காலத்தில் ஒரு ஆள் எவ்வளவு எடுக்க முடியும் என்று பார்த்து, அதை வைத்துப் புது மினிமம் போடுவார்களாம். ஃபீல்டு ஆபீசர் வந்து சொன்னார். கோட்டயம் பக்கத்துப் பையன், வயது முப்பதுகூட இருக்காது. மரியாதையான ஆள். அதனாலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வரவில்லை.

"அக்கா, சாதாரணமா எடுக்கிறதுபோல எடுத்தால் மதி, போதும். டென்ஷன் வேண்டா," என்றார்.

டென்ஷன் வேண்டாம் என்று ஒரு ஆபீசர் சொன்னால் அப்போதுதான் டென்ஷன் ஆக வேண்டும். அன்று சாயங்காலமே பைப்படியில் எல்லோரையும் நிறுத்திப் பேசினேன். யாரும் வீராப்பு காட்டக்கூடாது. இருபத்தைந்து, மிஞ்சினால் இருபத்தாறு. அதற்குமேல் ஒரு இலை கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் கேங்கில் பதினெட்டுப் பேர். பதின்மூன்று பேர் நாங்கள், லயத்துக்காரர்கள். ஐந்து பேர் ஜார்க்கண்டிலிருந்து கான்ட்ராக்டில் வந்தவர்கள். எங்கிருந்து வந்தாலும் எங்கள் ஊரில் அவர்களுக்குப் பெங்காலி என்றுதான் பேர். அவர்களும் அன்று பைப்படியில் குடத்தோடு நின்றார்கள், தலையாட்டினார்கள். புரிந்து ஆட்டினார்களா, சும்மா ஆட்டினார்களா என்று எனக்குச் சந்தேகம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் கேங்கில் செல்வி என்று ஒருத்தி. புருஷன் இல்லை. மகள் மூணாரில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். கையால் கிள்ளிய காலம் போய்க் கத்தரி வந்தபிறகு செல்வியின் வலது தோள் போய்விட்டது. கொழுந்து விழப் பெட்டி வைத்த கத்தரியைத் தூக்கித் தூக்கி வெட்டினால் யாருக்கும் அதுதான் கதி, அவளுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்தது. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, லேசான வேலை கொடுங்கள் என்று ஆபீசில் கொடுத்தாள். சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அவள் முக்கி முனகி நாள் முழுக்க எடுத்தால் பதினாறு கிலோ வரும்.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். எடைக்குப் போகும் முன்னால், போகிற போக்கில், முறைவைத்து ஒன்பது பத்துப் பேர் அவள் சாக்கில் இரண்டு கையாலும் ஓர் அள்ளு கொழுந்து போடுவோம். ஓர் அள்ளு முக்கால் கிலோ, ஒரு கிலோ வரும். அவளுக்கு இருபத்தைந்து நிறைந்துவிடும். அவள் சாக்கை வேறு யாராவது தூக்கிப்போய்த் தராசில் வைப்பார்கள். இது மூன்று வருஷமாக நடந்தது. சூப்பர்வைசருக்குத் தெரியுமா என்றால் தெரியும். அவர் அந்த நேரத்தில் மலையைப் பார்ப்பார்.

இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதே இல்லை. செல்வியும் நன்றி என்று சொன்னதில்லை. சொன்னால் அது கடன் மாதிரி ஆகிவிடும்.

3. நோட்டுப் போட்டுப் படித்த பாடம்

கேள்விக்கு வருகிறேன். யார் முப்பத்திரண்டு எடுத்தது? நான் யோசித்துப் பார்க்கவே இல்லை. என் கண் நேராக அந்த ஐந்து பேர்மேல் போய் நின்றது.

என் சிறுவயதில் யூனியன் ஆபீசில் ஞாயிற்றுக்கிழமை ஸ்டடி கிளாஸ் நடக்கும். நோட்டுப் போட்டு எழுதிக்கொள்வேன். அங்கே ஒரு தோழர் சொன்னது இன்றைக்கும் என் நோட்டில் இருக்கிறது. முதலாளிக்கு உள்ளே வேலை பார்க்கிற ஆள் மட்டும் போதாது, கேட்டுக்கு வெளியே வேலை இல்லாமல் நிற்கிற ஆளும் வேண்டும். வெளியே நிற்கிறவனைக் காட்டித்தான் உள்ளே இருக்கிறவனுக்குக் கூலி பேசுவான். வேலையில்லாத் திண்டாட்டம் என்பது இந்த ஏற்பாட்டில் வந்த கோளாறு இல்லை, இந்த ஏற்பாடே அதில்தான் ஓடுகிறது. இப்படிச் சொன்னார். அருமையான பாடம். நான் அதில் பாதியைத்தான் புரிந்துகொண்டேன். வெளியே நிற்கிறவனால் நமக்கு ஆபத்து என்கிற பாதி. வெளியே நிற்கிறவனும் தொழிலாளிதான் என்கிற பாதியை நோட்டில் எழுதினேன், மண்டையில் எழுதவில்லை.

என் அம்மாவே அப்படி வெளியே நின்று உள்ளே வந்தவள்தான். வேறொரு டிவிஷனில் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தியபோது, குறைந்த கூலிக்குத் தற்காலிகமாகச் சேர்த்தவர்களில் அவளும் ஒருத்தி. இதை நான் கிளாசில் சொல்லவில்லை.

நோட்டீஸ் வந்த அன்று காட்டுக்குள் நாங்கள் பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"அந்தப் பெங்காலிச்சிகதான்க்கா. கை பாத்தீகல்ல, மெஷின் மாதிரி போகுது," என்றாள் ஒருத்தி.

"பைப்படியில பல்ல இளிச்சுக்கிட்டுத் தலையாட்டுனாளுக. நம்ம வயித்துல அடிச்சுட்டாளுகளே!"

"ஆபீசர் தனியா எதுவும் சொல்லியிருப்பாருக்கா. மினிமத்த ஏத்திவிட்டா உங்கள பெர்மனென்ட் ஆக்குறோம்னு."

அந்தக் கடைசிச் சந்தேகம் என் வாயிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். இல்லாவிட்டாலும் நான் அதை மறுக்கவில்லை. எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள்! எதற்கும் ஆதாரம் வேண்டாத அளவுக்குப் பொருந்துகிறது.

அன்றிலிருந்து அவர்களோடு பேச்சு நின்றது. காட்டில் ஆளுக்கொரு நிரை பிரிக்கும்போது சரிவான, கொழுந்து மெலிந்த பக்கத்தை அவர்களுக்குத் தள்ளினோம். மதியம் உட்காரும் மரத்தடியில் அவர்கள் வந்தால் எழுந்து போனோம். அவர்களில் குட்டையாக, நெற்றியில் பச்சை குத்திய ஒருத்தி இருந்தாள். வந்து இரண்டு வருஷத்தில் தமிழ் ஓரளவு பேசுவாள். ஒரு நாள் எடைக்குப் போகும்போது செல்வியின் சாக்குப் பக்கம் குனிந்தாள். நான் கையைத் தட்டிவிட்டேன்.

"ஏட்டி, அங்கிட்டுப் போ. கொழுந்தத் திருடப் பாக்கியா?"

அவள் கையில் இருந்த கொழுந்தைத் தன் சாக்கிலேயே திருப்பிப் போட்டுக்கொண்டு போனாள். கையில் கொழுந்தோடு எவளாவது திருட வருவாளா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

4. ஆபீசரின் டேப்

பத்து நாள் கழித்து மனு எழுதிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். கான்ட்ராக்ட் ஆட்களை வைத்து எடுத்த டிரையல் செல்லாது, நிரந்தரத் தொழிலாளிகளை வைத்து மறுபடி எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கே என்மேல் மதிப்பாக இருந்தது.

ஃபீல்டு ஆபீசர் மனுவை முழுக்கப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு மேஜையில் இருந்த டேப்லெட்டை, நாங்கள் டேப் என்கிற கண்ணாடிப் பலகையை, என் பக்கம் திருப்பினார். முன்பெல்லாம் எடை போடும்போது கிலோவைச் சத்தமாகச் சொல்லித்தான் எழுதுவார்கள். டிரையல் மூன்று நாளும் சூப்பர்வைசர் வாயைத் திறக்கவில்லை, எல்லாம் அந்த டேப்புக்குள் போய்விட்டது. யாருக்கு எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியாது.

"அக்கா, நீங்களே நோக்குங்க," என்றார்.

பார்த்தேன். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இருபத்தைந்து, இருபத்தாறு. சொன்ன சொல் மாறவில்லை. கீழே அந்த ஐந்து பேர். புத்னி, இருபத்தி நாலு. அடுத்தவள், இருபத்தி நாலு. அடுத்தவளுக்கு இருபத்தி மூன்றரை. எங்களைவிடக் குறைவு. நெற்றியில் பச்சை குத்தியவளின் பேர் புத்னி என்பதை இரண்டு வருஷம் கழித்து அந்தக் கண்ணாடிப் பலகையில், போட்டோவுக்குப் பக்கத்தில்தான் படித்தேன்.

ஒரே ஒரு பேருக்கு நேராகத்தான் முப்பத்திரண்டு இருந்தது. மூன்று நாளும். செல்வி.

"ஷோல்டர் வேதனை என்று ஆஸ்பத்திரி சீட்டு தந்த ஆள் இவங்க. இவங்களே முப்பத்திரண்டு எடுக்கிறாங்க. அப்போ ஆரோக்கியமா இருக்கிறவங்க இருபத்தஞ்சில் நிறுத்துறாங்கன்னா, அது மனப்பூர்வம், வேணும்னே செய்றதுதானே?" என்றார். "நான் இதை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதினேன். மேல இருந்து தீருமானம் வந்தது. என்மேல கோபப்பட்டு காரியம் இல்லக்கா."

மனுவை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மாட்டுப்பட்டிக்குப் போகிற டூரிஸ்ட் வண்டி ஒன்று நின்றது, ஒரு பெண் இறங்கி வந்து என்னோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டாள். நான் எப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

அன்று மதியம் மரத்தடியில் எல்லோரையும் உட்காரவைத்தேன். அந்த ஐந்து பேரையும் கூப்பிட்டேன். வந்து தள்ளி நின்றார்கள்.

"டிரையல் அன்னைக்கு செல்வி சாக்குல யார் யார் அள்ளிப் போட்டீங்க? உண்மையச் சொல்லுங்க," என்றேன்.

ஒவ்வொருத்தியாகக் கையைத் தூக்கினாள். பதின்மூன்றில் செல்வி போகப் பன்னிரண்டு பேரும் தூக்கினோம்.

"முறை வச்சுத்தானே போடுவோம்? பன்னெண்டு பேரும் எதுக்குப் போட்டீங்க?"

"டிரையலாச்சே, மத்தவளுக தன் கிலோ கொறைஞ்சிருமோன்னு போடாம விட்ருவாளுகன்னு நெனச்சேன்க்கா," என்றாள் ஒருத்தி. அடுத்தவளும் அதையேதான் சொன்னாள். அதற்கடுத்தவளும்.

நானும் அதேதான். இவளுகள் விட்டுவிடுவாளுகள் என்று நினைத்து மூன்று நாளும் இரண்டு அள்ளுப் போட்டேன். ஒருத்தி ஒருத்தியை நம்பாமல் எல்லோரும் நல்லது செய்திருக்கிறோம். அந்த நல்லது ஒன்றாகச் சேர்ந்து முப்பத்திரண்டு கிலோவாகத் தராசில் ஏறி, எங்கள் கழுத்திலேயே உட்கார்ந்துவிட்டது. கம்பெனி எங்களை ஏமாற்றக்கூட இல்லை. வந்ததை எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

நான் புத்னியைப் பார்த்தேன். "நீங்களுமா போட்டீங்க?"

"போட்டோம் அக்கா. ஆளுக்கு ஒண்ணு. அதான் நாங்க இருபத்தி நாலு."

"யார் போடச் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்க எல்லாம் போடுறீங்க. பாத்தோம். செல்வி அக்கா கை சரியில்ல. எங்களுக்கும் கண்ணு இருக்கு அக்கா."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

5. பதினாறு

உண்மை தெரிந்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. ஆபீசில் போய் உண்மையைச் சொன்னால் மினிமம் பழையபடி ஆகும். ஆனால் செல்வியின் பதினாறு கிலோ வெளியே வரும். மூன்று வருஷமாக அடுத்தவர் கொழுந்தில் சம்பளம் வாங்கினாள் என்று அதைத் திருட்டாக எழுதுவார்கள். டீ கொடுக்கும் மரியாதைகூட இருக்காது. அந்த மாதம் அவள் மகளுக்குப் பரீட்சை. வீடு போனால் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? சொல்லாமல் விட்டால் முப்பத்திரண்டு எடுக்க முடியாமல் செல்விக்குப் பின்னாலேயே வரிசையாக ஏழெட்டுப் பேர் விழுவார்கள். எனக்கே வயது ஐம்பத்தேழு. முப்பத்திரண்டு என்னால் முடியாது.

செல்வி திடீரென்று எழுந்தாள்.

"நாளைக்கு என் சாக்க நானே தூக்கிட்டுப் போறேன். பதினாறோ பதினேழோ, என் கை எடுத்தது என்னவோ அத வைக்கேன். உங்க எல்லாருக்கும் வெனையா நான் இருக்க வேண்டாம்."

"சும்மா இருடி. வீட்ட விட்டுட்டு எங்க போவ?" என்று அதட்டினேன்.

"பின்ன என்னக்கா பண்ணச் சொல்லுதீக? எனக்காக நீங்க பதினேழு பேரும் பதினாறு எடுப்பீகளா?"

ஆத்திரத்தில் கேட்டாள். பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி உள்ளே இறங்கியது. ஒருத்தி சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே, "எடுத்தா என்ன?" என்றாள்.

எடுத்தால் என்ன ஆகும் என்று பேசினோம். கொழுந்து முற்றிப்போகிற நேரம். ஃபேக்டரிக்கு லாரி வந்து நிற்கும். எல்லோருக்கும் ஒரே அளவு குறைந்தால் ஒருத்தியைத் தனியாகப் பிடிக்க முடியாது. எங்களுக்கு மெமோ வரும், சம்பளம் குறையும், அதற்குமேல் போகாது. ஆனால் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அப்படி இல்லை. சாயங்காலமே மூட்டையைக் கட்டு என்று சொல்லலாம். ஒரு காகிதமும் வேண்டாம். அதை நான் புத்னியிடம் சொன்னேன். ஒளிக்காமல் சொன்னேன். அவள் மற்ற நாலு பேரோடு அவர்கள் பாஷையில் கொஞ்ச நேரம் பேசினாள். பிறகு தலையாட்டினாள். பைப்படியில் ஆட்டியது போலவே.

உள்ளதைச் சொல்கிறேன், அப்போதும் நான் நம்பவில்லை.

மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. அன்று பதினெட்டுப் பேரும் செல்வியின் வேகத்தில் வெட்டினோம். மெதுவாக வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது, கை தானாக ஓடப் பார்க்கிறது. சாயங்காலம் கடைசி எடைக்கு வரிசையில் நின்றோம். செல்வி முதல் ஆளாகத் தன் சாக்கைத் தானே இடது தோளில் சுமந்துபோய் வைத்தாள். அன்றைய மொத்தம் பதினாறு. சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன செல்வி இது?"

"தோள் வலி சார்."

அடுத்து நான். பதினாறே கால். "எனக்கும் தோள் வலி." அதற்கு அடுத்தவள், தோள் வலி. அடுத்தவள், தோள் வலி. எட்டாவது ஆள் வந்தபோது சூப்பர்வைசர் ஃபீல்டு ஆபீசருக்குப் போன் போட்டார். அவர் பைக்கில் வந்து தராசுக்குப் பக்கத்தில் நின்றார். சிரிக்கவில்லை. வரிசையின் கடைசியில் அந்த ஐந்து பேர். ஆபீசர் பார்க்கிறார் என்றதும் எங்கேயாவது மறைத்துவைத்த கொழுந்தைக் கொட்டிக் கிலோவை ஏற்றிவிடுவார்களோ என்று சந்தேகப்பட்டேன். புத்னி சாக்கைக் கொக்கியில் மாட்டினாள். நான் எட்டிப் பார்த்தேன்.

பதினைந்தரை.

"நினக்கெந்தா? உனக்கென்ன?" என்றார் ஆபீசர்.

"தோள் வலி," என்றாள் புத்னி, சுத்தமான தமிழில்.

அப்போது நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகையா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் காலை பதினெட்டுப் பேரும் எஸ்டேட் ஆஸ்பத்திரி வாசலில் சீட்டுக்கு வரிசை நின்றோம். டாக்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய் டீ குடித்தார். இப்படி மூன்று நாள். ஃபேக்டரி லாரி மூன்று நாளும் பாதி நிறைந்து போனது. நாலாம் நாள் பக்கத்து டிவிஷனிலும் இரண்டு கேங்குக்குத் தோள் வலி வந்தது.

ஐந்தாம் நாள் நோட்டீஸைக் கிழித்தார்கள். பழையபடி இருபத்தைந்து. செல்வியை நர்சரிக்கு மாற்றினார்கள், உட்கார்ந்து நாற்றுப் பைக்கு மண் நிறைக்கிற வேலை. வீடு நின்றது. அவள் மகள் பரீட்சை எழுதினாள்.

6. பேர் கூப்பிடாத காலை

இத்தோடு நிறுத்தினால் இது நல்ல கதை. யூனியன் மீட்டிங்கில் இதுவரைக்கும்தான் சொல்வேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை மஸ்டர். சூப்பர்வைசர் டேப்பைப் பார்த்துப் பேர் கூப்பிட்டார். எங்கள் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டார், செல்விக்குப் பதிலாக வந்தவளைக் கூப்பிட்டார், டேப்பை மூடினார். அந்த ஐந்து பேர் பிளாஸ்டிக் தாளை இடுப்பில் கட்டிக்கொண்டு, கத்தரியோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

"கான்ட்ராக்ட் புதுப்பிக்கல. நீங்க ஜீப் பக்கம் போங்க," என்றார்.

ரோட்டில் கான்ட்ராக்டரின் ஜீப் நின்றது. பின்னால் புது ஆட்கள் ஆறு பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர் என்று தெரியாது.

புத்னி என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை இல்லை. அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று கேட்கிற பார்வை. எங்கள் ஆட்களும் என்னைத்தான் பார்த்தார்கள். அன்றும் கொழுந்து நிறைந்து நின்றது. அவர்கள் பேரைக் கூப்பிட்டால்தான் காட்டுக்கு இறங்குவோம் என்று ஒரு வார்த்தை, நான் ஒருத்தி சொல்லியிருந்தால் போதும். என் வாயில் அந்த வார்த்தை இருந்தது. சொன்னால் பின்னால் யாரும் நிற்கமாட்டார்கள் என்று நினைத்தேன். மூன்று நாள் என்னோடு தோள் வலி என்று நின்றவர்களை நினைத்தேன், அப்போதும் நம்பவில்லை. எனக்கு ரிட்டையர்மென்ட்டுக்கு எட்டு மாதம் இருந்தது. என் மருமகளுக்கு வேலை கேட்டு எழுதிக்கொடுத்திருந்தேன். அதையும் நினைத்தேன்.

குனிந்து கத்தரியை எடுத்தேன். எல்லோரும் எடுத்தார்கள். காட்டுக்கு இறங்கினோம்.

வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்தவர்களுக்கு நாங்கள் செய்தது அதுதான். என் ஆயுசில் நான் பட்ட சந்தேகங்களில் பெரும்பாலானவை சரிதான். கம்பெனிமேல் பட்டது, நோட்டீஸ்மேல் பட்டது, ஆபீசர் கொடுக்கிற டீமேல் பட்டது எதுவும் வீண் போகவில்லை. பக்கத்து நிரையில் நிற்கிறவள்மேல் பட்டது மட்டும் ஒவ்வொரு தடவையும் தப்பாகப் போனது, ஒவ்வொரு தடவையும் கம்பெனிக்கு லாபமாகப் போனது. நான் கற்ற பாடம் இவ்வளவுதான். சந்தேகப்படுங்கள், நிறையப் படுங்கள். ஆனால் படுவதற்கு முன்னால் நிமிர்ந்து மேலே பாருங்கள்.

புத்னி இப்போது சக்குபள்ளம் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் இருக்கிறாள். செல்விக்கு மாதம் ஒரு தடவை போன் பண்ணுவாள். போன வாரம் அவள் கூப்பிட்டபோது நான் செல்வி வீட்டில் இருந்தேன். அவள் குரல் எனக்கே கேட்டது.

"அக்கா, இப்போ மினிமம் எவ்ளோ?"

"இருபத்தஞ்சுதான்," என்றாள் செல்வி.

"ஏறலையே?"

"ஏறல. மாரியக்கா இங்கதான் இருக்காக. பேசுதியா?"

போனை என் கையில் கொடுத்துவிட்டாள். மன்னிப்புக் கேட்பதற்கு நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் புத்னி பேசினாள்.

"அக்கா, இங்க கம்பத்துல இருந்து புதுசா நாலு பேர் ஜீப்ல வர்றாங்க. உங்க தமிழ் ஆளுங்க. கை வேகம். எங்க ஆளுங்க அவங்க கூடப் பேச மாட்டேங்குறாங்க, நம்ம வேலைய எடுத்துருவாங்கன்னு சொல்றாங்க. நான் பேரு கேட்டேன், சேந்து சாப்பிட்டேன். அடுத்து என்ன பண்ணணும்?"

"அவங்க பேரக் கூப்பிடாத அன்னைக்கு," என்றேன், "நீங்க யாரும் காட்டுக்கு எறங்காதீங்க."

"நீங்க எறங்குனீங்க, அக்கா," என்றாள்.

"ஆமா புத்னி. எறங்குனேன்."